ஏலம் முடியட்டும்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்குச் சோறு கொண்டுவந்த பத்ருன்னிசா பதறிப்போனாள். கணவர் சிகாபுதீன் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"இடது கை கனக்குது. தாடையும் வலிக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"வெறும் வாயுதான் மதினி," என்றான் அவர் தம்பி மொய்து. "இஞ்சிச் சாயா குடிச்சாச் சரியாயிடும். துண்டுக்கடியில விரல் பிடிச்சு விலை பேச இக்காவை விட்டா ஆளில்லை. ஏலம் முடியட்டும்."

ஏலம் முடிந்தது. படகு அக்கரை ஆஸ்பத்திரியை அடையுமுன் சிகாபுதீனின் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் மொய்துவை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன மாசம் உங்களுக்கும் இதே வலிதானே வந்துச்சு? வீட்டுக்குக்கூடச் சொல்லாம, ஏலத்தைப் பாதியில விட்டுட்டு, பத்தே நிமிஷத்துல படகு பிடிச்சு உங்களைக் கொண்டுவந்த அண்ணன் இவர்தானே?"