பத்து வயதான காது மெஷின்

புதுச் சட்டப்படி, பத்து வருஷம் தாண்டிய எதையும் பழம்பொருளாகத்தான் காப்பீடு செய்து அனுப்ப முடியும். அதை யாரும் உபயோகிக்கக் கூடாது. அப்பாவின் காதுக்கு ஒத்துவரும் மெஷினோ அந்தப் பழையது ஒன்றுதான். மகன் எட்வின் அதைத் தான் வேலை பார்க்கும் ஹாம்பர்க்கில் பழுதுபார்த்து, முத்திரை வைத்த பெட்டியில் நாகர்கோவிலுக்கு அனுப்பியிருந்தான்.

அவன் பேசப் பேச, அப்பாவின் போனில் எழுத்தாக விழுந்தது.

“உடைச்சு மாட்டுங்கப்பா.”

“உடைச்ச நிமிஷமே அங்க தெரிஞ்சிருமாம், ஒன் விசா போயிருமாம். பெட்டி மேலயே போட்டிருக்கான்.”

“போவட்டும். ஒங்களுக்குக் காது கேக்கணும்லா?”

“பெரிய ஆளுதாம்ல நீ! அது அலமாரியில இருக்கட்டும் மக்களே. நீ பேசு, நான் வாசிச்சுக்கிடுதேன்.”

எட்வின் வாய்விட்டு அழுதான். அழுகைக்கு எழுத்து கிடைக்காமல் அப்பாவின் திரை வெறுமையாகக் கிடந்தது.

“என்னல,” என்றார் அப்பா, “லைன் கட்டாயிட்டா?”