எட்டாவது படம்

ஸ்டுடியோக்காரர் ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடமாவது "சிரிக்காதீங்க" என்று சொல்லிவிடுவார். பாஸ்போர்ட் படத்தில் பல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபது வருடமாக இதே பிழைப்பு. மனைவி போன பிறகு வீட்டிலும் சிரிக்க ஆள் இல்லை.

ஒரு தாளில் எட்டுப் படம் வரும். போன மாதம் முதல் எட்டாவது படத்தில் மட்டும் ஆட்கள் சிரித்தார்கள். பிரிண்டரைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார், சிரிப்பு போகவில்லை. அதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

"எட்டுன்னு சொன்னீங்க, ஏழுதானே இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒண்ணு கெட்டுப்போச்சும்மா," என்றார்.

கெட்டுப்போனவை எல்லாம் கடையில் அவர் சாப்பிடும் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஏறின. அந்த முகங்களைப் பார்த்தபடி சாப்பிட்டால் இரண்டு வாய் கூடுதலாகவே இறங்கியது.

நேற்று அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கேமராவில் டைமரை வைத்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தாள் வந்தது. ஏழு படத்தில் உம்மென்று இருந்தார். எட்டாவதில் வெள்ளைத் திரை மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

அதையும் வெட்டி, சுவரின் நடுவில் ஒட்டிவிட்டுக் கடையைப் பூட்டினார்.

இன்று காலை ஷட்டரைத் தூக்கினார். இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திருப்பி, அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்காதீங்க," என்றார்.

ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.