சுவருக்கு அப்பால் போன பந்து

அயர்ஷயரில் பிளேர்கார்ன் ஜூனியர் கால்பந்து கிளப் இதுவரை ஒரு பந்தைக்கூடத் தொலைத்ததில்லை. வடக்குக் கோலுக்குப் பின்னால் சுவர். அதற்கு அப்பால், கிளப்பைத் தொடங்கியவர்கள் வேலை செய்த நிலக்கரிச் சுரங்கம். இப்போது வெறும் கருந்தண்ணீர். ஆள் நிற்க அங்கே இடமே கிடையாது. ஆனாலும் போன பந்து போன வேகத்தில், துளி ஈரமில்லாமல் திரும்பி வந்துவிடும். உடைமாற்றும் அறையின் சாவி வைத்திருக்கும் நெஸ்பிட் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவார். ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை கோப்பை ஆட்டம். பிளேர்கார்ன் ஒரு கோல் முன்னிலை. முடியச் சற்று நேரமே இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஸ்ட்ரூவன் நேரத்தைக் கடத்த வேண்டுமென்றே பந்தைச் சுவருக்கு மேல் உதைத்தான். பந்து வந்தது. மறுபடி உதைத்தான். இந்த முறை அது வேகமாக வந்து அவன் தோளில் மோதியது.

"டேய், போதும்டா! அவங்ககிட்ட வெச்சுக்காத!" என்று நெஸ்பிட் கத்தினார்.

"யாரு பெருசு அங்க? உன் மாமனாரா?" ஸ்ட்ரூவன் சிரித்துக்கொண்டே மூன்றாவது முறையும் உதைத்தான்.

பந்து வரவில்லை. நெஸ்பிட் வேறொரு பந்தை உள்ளே உருட்டிவிட்டார்.

ஜெயித்தார்கள். நெஸ்பிட் அறையின் பூட்டைத் திறந்தார். ஸ்ட்ரூவன் மடித்து வைத்திருந்த துணிமேல் அந்தப் பந்து இருந்தது. தடவிப் பார்த்தார், நன்றாகக் காய்ந்திருந்தது. அடியிலிருந்த சட்டையிலிருந்துதான் கருந்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நெஸ்பிட் தொப்பியைத் தூக்கினார், ஸ்ட்ரூவனின் இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்து.