முதல் கேள்வி

"தப்பு" என்றாள் மனைவி.

"இன்னும் நான் முடிக்கவே இல்லையே!"

"முடிச்சாலும் தப்புதான். நேத்து சொன்ன பதிலுக்கே வேற சட்டை மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு இன்ஜினியர் அவன். எந்த பம்ப் மக்கர் செய்தாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். ஆனால் 'எம்.பி.ஏ. எதுக்கு?' என்ற கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. பலமுறை எழுதி இந்த முறைதான் நுழைவுத் தேர்வில் தேறியிருந்தான். இதுவும் போனால் இன்னொரு தடவை முட்டி மோத அவனிடம் தெம்பு இல்லை.

சாப்பாட்டு மேஜைதான் இன்டர்வியூ அறை. இந்தப் பக்கம் அவன், மேலே கோட்டும் டையும், கீழே அரை டிராயர். எதிரே அவள், துவைத்த துணிகளை மடித்தபடி. அவளும் இன்ஜினியர்தான். ஒரு கட்டுமான நிறுவனத்தில் டிசைன் பிரிவில் வேலை. மேஜைக்கடியில் இரண்டு வயதுப் பாப்பா, மடித்ததையெல்லாம் பொறுப்பாகக் கலைத்துக்கொண்டிருந்தது.

"உங்க தோல்வி ஒண்ணு சொல்லுங்க."

"சில சமயம் அளவுக்கு மீறி உழைச்சிடறேன்..."

"அடேயப்பா! இதைக் கேட்டா பேனல்ல இருக்கறவங்க எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க. நிஜமா நடந்ததைச் சொல்லுங்க."

"போன வருஷம் ஒரு பம்ப் நின்னு போச்சு. காரணம் கண்டறியப்பட்டது. பேரிங் மாற்றப்பட்டது. மீண்டும் இயக்கப்பட்டது."

"இது பிரேக்டவுன் ரிப்போர்ட். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"ரிப்போர்ட் எழுதினதே நான்தானே!"

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை, "எதுக்கெடுத்தாலும் நான் நான்னு சொல்லாதீங்க, டீமைப் பத்திப் பேசுங்க" என்றவள் இவளேதான். மறுநாளே, "டீம் டீம்னா, நீங்க என்னதான் பண்ணீங்க?" என்றாள். ஆபீஸ் நண்பன், "தலைமைப் பண்புன்னு அடிச்சு விடுடா" என்றான். கோச்சிங் சென்டரில், "சொந்தத் தொழில் கனவுன்னு சொல்லுங்க" என்றார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று புரியாமல் மண்டை காய்ந்து போயிருந்தான்.

சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் அன்று வந்திருந்த அவன் அக்கா. பாப்பாவுக்குக் கை கழுவ மனைவி உள்ளே போனதும், குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், சொல்றேன்னு தப்பா நினைக்காதே. நீ மேல போறது அவளுக்குப் பிடிக்கல. அதான் இப்படி மட்டம் தட்டிட்டே இருக்கா."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அக்கா கிளம்பியதும் மனசு கேட்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டான்.

"நான் படிக்கப் போறது உனக்குப் பிடிக்கலையா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்தாள். "அதுக்கு அப்புறம் பதில் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. எம்.பி.ஏ. எதுக்கு? யோசிக்காம சொல்லுங்க."

இருந்த கோபத்தில் அவனும் யோசிக்கவில்லை.

"எங்க பழைய மேனேஜர் இருந்தாரே, அவரை மாதிரி ஆகக் கூடாதுன்னுதான்! ஒரு வருஷ ட்ரெயினிங்குக்கு என் பேர் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். 'நீ போயிட்டா பம்பையெல்லாம் யாரு பாத்துக்கறது'ன்னார். ஒருத்தன் மேல வர்றப்ப குறுக்க நிக்கறவன் எல்லாம் ஒரு மேனேஜரா? அந்த நாற்காலியில நான் உட்காரணும். யாருக்கும் குறுக்க நிக்கக் கூடாது. போதுமா?"

அவள் கை தட்டினாள். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"இதான்! ஒரு வாரமா இதுக்குத்தான் உங்களைக் கிளறிட்டு இருந்தேன். இந்தக் கோபத்தோட இதை அப்படியே சொல்லுங்க. சீட்டு உங்களுக்குத்தான்."

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியுது?"

"நானும் தயார் பண்ணினேன்ல. பஸ்ல போகும்போதும் வரும்போதும்."

"நீ எதுக்கு?"

"எனக்கும் அழைப்பு வந்திருக்கு. அதே காலேஜ்தான். சனிக்கிழமை."

"பரீட்சை எழுதினதைச் சொல்லவே இல்லையே?"

"தேறுவேனான்னே தெரியாம எதைச் சொல்றது? அழைப்பு வந்தப்போ நீங்க குழம்பிப் போய் இருந்தீங்க. இதுவும் சேர்ந்து உங்க தயாரிப்பைக் கெடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"நமக்குள்ளயே போட்டியா?"

"ஒரே ஒரு சீட்டா இருக்கு? ரெண்டு பேருக்கும் கிடைச்சா ரெண்டு பேரும் படிக்கலாமே."

சொல்லிவிட்டு அவன் கோட்டைக் கழற்றச் சொன்னாள். அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மேஜையில் இருந்த துணிகளை ஓரமாகத் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் லேசான பயம்கூடத் தெரிந்தது.

"இப்ப என் முறை. நீங்கதான் பேனல். கேளுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேள்வி தானாக வந்து விழுந்தது.

"அப்போ பாப்பாவை யாரு பாத்துக்கறது?"