ஒரு டாக்டரை நம்பலாமா?

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி மாசத்துக்கு ரெண்டு தடவ டாக்டரப் பாக்குதுங்க. பொறந்தப்புறம் புள்ளையப் பாக்கத்தான் நேரம் இல்ல.”

குழந்தைகள் வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் அரங்கநாதன் சொன்னார். யாருக்குச் சொன்னாரோ, அந்த மருமகள் ஜெயசித்ரா தலையைத் தூக்கவில்லை. கட்டிலில் அவளுடைய பத்து மாதப் பிள்ளை தமிழ்க்குமரன், கையில் டிரிப்ஸ் ஊசியோடு வதங்கின கீரைத்தண்டு மாதிரி கிடந்தான். ஆறு நாளாக வயிற்றுப்போக்கு. நேற்றிலிருந்து சளியும் ரத்தமுமாகப் போகிறது. கண் குழி விழுந்துவிட்டது. அழுதால் சத்தம் வருகிறது, கண்ணீர் வரவில்லை.

ஜெயசித்ராவுக்குத் திருபுவனையில் கம்பெனி வேலை. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் ஒதியம்பட்டுக்குத் திரும்ப மாலை ஆறு ஆகும். அதுவரைக்கும் பேரனுக்குப் பால் கரைத்துக் கொடுப்பது, கால் கழுவி விடுவது எல்லாம் அரங்கநாதன்தான். தன் கையில் இருந்தவரை பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனது எல்லாம் அவள் கைக்குப் போன பிறகுதான் என்று பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மகன் புகழேந்தியிடமும் போனில் அதையே ஓதினார். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, நாளைக்கே வேலைக்கு முழுக்குப் போடு என்று கத்தினான்.

டாக்டர் புவனேஸ்வரி வந்தார். சின்ன வயசு. அதுவே பெரியவருக்குப் பிடிக்கவில்லை. மீசை நரைக்காத ஆம்பளை டாக்டரையே நம்பாதவர் அவர்.

டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால் சளி, காய்ச்சல் என்று வில்லியனூர் டாக்டரிடம் காட்டியதையும், அவர் எழுதின சிரப்பைக் காலையும் ராத்திரியுமாக ஐந்து நாள் கொடுத்து நிறுத்தியதையும் ஜெயசித்ரா சொன்னாள். அது ஆன்டிபயாடிக். வயிற்றில் நல்ல கிருமிகளும் உண்டு, மருந்து அளவு மீறினால் அவையும் செத்துப்போகும், அப்புறம் மிஞ்சுகிற கெட்ட கிருமி பெருகிக் குடலையே புண்ணாக்கிவிடும் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார்.

அரங்கநாதன் பக்கத்துக் கட்டில் அம்மாள் பக்கம் திரும்பினார். “டிவியில சோப்பு விக்கறவன் கிருமிய ஒண்ணு விடாம கொல்லணும்ங்கறான். இந்தம்மா இன்னாடான்னா வூட்டுல வச்சி வளக்கச் சொல்லுது.”

டாக்டர் காதில் விழுந்தது. கண்டுகொள்ளவில்லை. “அஞ்சு நாள் சிரப்புக்கே குடல் இந்த அளவுக்கு வீங்கினா ஆச்சரியம்தான்மா. வேற ஏதோ உள்ள போயிருக்கு. என்ன, எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் நான் அடுத்து எதைத் தொடலாம்னு முடிவு பண்ண முடியும். இப்பவே தெரியணும். கடையில கேட்டு எதாவது வாங்கி ஊத்தினியா?”

ஜெயசித்ரா பிள்ளை தலைமேல் கை வைத்து இல்லை என்றாள். டாக்டர் நம்பின மாதிரி தெரியவில்லை.

“தாத்தா, நீங்க எதாவது கொடுத்தீங்களா? கை வைத்தியம், நாட்டு மருந்து?”

அரங்கநாதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்த வேலையெல்லாம் நம்மகிட்ட கெடையாது. டாக்டர் எழுதாத மருந்த நான் கையால தொட்டது இல்ல.”

அந்த நேரம் பார்த்துப் புகழேந்தி மறுபடி போன் அடித்தான். ஜெயசித்ரா காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். “சரிங்க, வேலைய வுட்டுடறேன்” என்றாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “ஒரு டாக்டர நம்பி, அவர் சொன்னபடி மட்டும் கொடுத்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காதும்மா.”

“ஒரு டாக்டரையா?” அரங்கநாதன் எழுந்துவிட்டார். “நாலு கடை வெசாரிக்காம நான் ஒரு கவுளி வெத்தல வாங்கினது இல்ல. வில்லியனூரான் குடுத்தது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? அதான் இவ வேலைக்குப் போனப்புறம் புள்ளையத் தூக்கினு திருபுவனையில ஒருத்தங்கிட்டக் காட்டினேன். மறுநாள் பாகூர்ல ஒருத்தங்கிட்ட. ஒருத்தன் குடுத்தத இன்னொருத்தங்கிட்ட மூச்சு வுடல. சொன்னா அதயே பாத்து எழுதிடுவானுங்க.”

கட்டிலுக்கு அடியிலிருந்த பையைத் துழாவி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். “இது பத்து மணிக்கு, இது ரெண்டு மணிக்கு. இவ அஞ்சு நாள்ல வுட்டுட்டா. நான் பாட்டில் தீர்ற வரைக்கும் ஒரு வேள தப்ப வுடல. மூணுல ஒண்ணாவது கேக்கும் இல்ல?”

ஜெயசித்ரா வில்லியனூர் சிரப்பின் சிவப்புப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் மூன்றையும் வரிசையாக வைத்து, பொடி எழுத்தைப் படித்தார். நர்ஸைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ எழுதிக் கொடுத்தார். பிறகுதான் பெரியவர் பக்கம் திரும்பினார்.

“கம்பெனிதான் வேற வேற தாத்தா. மூணு பெட்டியிலயும் இருந்தது ஒரே மருந்து.”

ஜெயசித்ரா, இன்னும் வைக்காத போனை மாமனார் பக்கம் நீட்டினாள். “உங்க புள்ளதான் மாமா. நீங்களே சொல்லுங்க.”

அரங்கநாதன் அதை வாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்:

“ஒருத்தன ஒருத்தன் பாக்காமயே மூணு பேரும் ஒரே மருந்த எழுதியிருக்கானுங்க. அதத் தப்புன்றது இந்த ஒரே ஒரு அம்மாதான். நீயே சொல்லு, நான் யார நம்பறது?”