கொடிக்கயிறு

"என் துணி காயறது கண்ணுக்குத் தெரியலையா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

கீழ்வீட்டில் அண்ணன் மனைவி கத்தியது தெருமுனை வரை கேட்டது. மாடியிலிருந்து அவள் ஓரகத்தி, தம்பி மனைவி, அதைவிடப் பலமாகத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய அண்ணன், அக்கம்பக்கத்தார் முகத்தைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுத் தரகரிடம் போய், வீட்டை விற்றுவிடச் சொன்னார். அப்பா கட்டிய வீடு. தம்பிக்கும் பாதி உண்டு. அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது என்பதால், மாடியில் இருந்த தம்பியைத் தரகரே வரவழைத்தார்.

தரகர் நல்ல மனிதர். கூடப் பிறந்தவர்கள் சமாதானமாகப் போகக்கூடாதா என்று கேட்டார்.

"நாங்க எப்பவோ சேர்ந்திருப்போம் சார். இந்தப் பொம்பளைங்க விட்டாத்தானே?" என்றார் அண்ணன்.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, இது ஒன்றை மட்டும் அவர் சரியாகச் சொல்கிறார் என்றார். பேச்சு நின்ற பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பேச்சு நின்ற புதிதில், தன் மனைவி மேல்வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிவிட்டாள் என்று, அவள் போட்ட சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான் அண்ணன். மாடியில் தம்பியும் அதே கூத்தைத்தான் அடித்தார். பாவம், அதெல்லாம் தரகரிடம் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணம் வாங்க மாட்டேன் என்று தரகர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அண்ணன் தம்பி இருவரையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் ஆளுக்கொரு கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள். நடுவே இன்னும் ஒருவர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம்.

மத்தியானம். வீட்டு வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அண்ணனுக்குப் பகீரென்றது. ஒருத்தியை ஒருத்தி ஏதாவது செய்துவிட்டாளோ? செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரை ஓடினார். தம்பியும் பின்னாலேயே ஓடினார்.

பின்வாசல் படியில் இரண்டு பெண்களும் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மனைவி, மேல்வீட்டுக்காரியின் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருவரும் சாப்பிட்டு முடித்த ஒரே தட்டு.

மேல்வீட்டுக்காரி வெந்நீர்த் தம்ளரைப் பின்னால் நீட்டினாள்.

"குடிங்கக்கா. நேத்து கத்தினதுல தொண்டை கட்டிப்போச்சு பாருங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடலாம் என்று இருவருக்குமே தோன்றியது. கால்தான் நகரவில்லை.

அண்ணன் மனைவி வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அலுப்போடு கேட்டாள்:

"இன்னிக்கு அவங்க வர்றப்போ எதுக்குடி சண்டை போடலாம்?"