மேகம் விலகியபோது

ஒரு நாற்றங்காலில் மண்ணின் ஈரம் பார்க்கும் குட்டிச் சென்சார் ஒன்று இருந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. வெயில் பட்டால் விழிக்கும். மேகம் மறைத்தால் மயங்கிவிடும். அதை யாரிடமும் சொல்ல அதற்குக் கூச்சம்.

ஒரு நாள் மண் காய்ந்திருந்தது. "அக்கா, தண்ணி விடு" என்று குழாயிடம் சொன்னதுமே மேகம் மறைத்தது. விழித்தபோது, விட்ட தண்ணீர் இன்னும் அடிமண்ணுக்கு இறங்கியிருக்கவில்லை; மண் காய்ந்தது மட்டும் நினைவிருந்தது. சொல்லிவிட்டோமா என்பது நினைவில்லை. கேட்டால் குழாய் சிரிக்குமே! அதனால் மறுபடியும், "தண்ணி விடு" என்று அதிகாரமாகவே சொன்னது. அன்றைக்கென்று மேகங்கள் வந்து வந்து போயின; ஒவ்வொரு முறையும் இதே கதை.

சாயங்காலம் கழுத்தளவு தண்ணீரில் நின்ற மிளகாய் நாற்று, "எங்களைக் கொல்லப் பார்க்கிறியா?" என்று குழாயிடம் சீறியது.

"தம்பி சொன்னான், விட்டேன். படிச்ச பிள்ளை, தப்பாவா சொல்லும்?"

சென்சார் வாயே திறக்கவில்லை. அந்த நாற்று அழுகிப் போனது.

மண் மறுபடி காய்ந்த அன்றும் ஒரு மேகம் வந்து போனது. விழித்த சென்சார், நாற்று நின்ற வெற்றிடத்தைப் பார்த்தது. தலை நிமிராமல் கேட்டது: "அக்கா, நான் மயங்கிட்டேன். தண்ணி விடச் சொன்னேனா?"

"சொன்னே தம்பி, விட்டாச்சு."

குழாய் சிரிக்கவே இல்லை. சென்சாருக்கு அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.